இடது பின்சக்கரத்துக்கு மேலே

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் ஒரு வண்டி பார்த்தேன். பிடிக்கவில்லை.

விற்கிறவன் சிரித்த சிரிப்பே சரியில்லை. சொந்த வண்டியை விற்கிறவனுக்கு அத்தனை சிரிப்பு எதற்கு? "டாக்டர் ஓட்டின வண்டி சார்" என்றான். பழைய வண்டி எதைப் பார்க்கப் போனாலும் அதை ஒரு டாக்டர்தான் ஓட்டியிருக்கிறார். இந்த டாக்டர்களெல்லாம் எப்போதுதான் வைத்தியம் பார்த்தார்களோ. கால்மிதியைத் தூக்கினேன். அடியில் புதுப் பெயிண்ட். துருவை மறைக்க இல்லாமல் யாராவது கால்மிதிக்கு அடியில் பெயிண்ட் அடிப்பார்களா?

வீட்டுக்கு வந்து சொன்னதும் இவள் பெருமூச்சு விட்டாள். பெருமூச்சுக்கு நான் என்ன செய்ய? இன்சூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட வண்டிகளைப் பார்த்துச் சேதம் எழுதுவது என் பிழைப்பு. என்னிடம் வரும் எல்லா வண்டியும் "சும்மா நின்னுக்கிட்டிருந்த" வண்டிதான். நம்பிக்கொண்டிருந்தால் எனக்குச் சம்பளம் எதற்கு.

ஏப்ரல் ஒன்றாம் தேதி இவள் மலைமேல் வானிலை நிலையத்தில் பொறுப்பேற்க வேண்டும். நிலையத்துக்கே தலைமை. பல வருடமாகக் காத்திருந்த பதவி. தார் ரோடு மலையடிவாரத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் ஒன்பது கிலோமீட்டர் கல்லும் சேறும், நடுவில் பாலமில்லாத ஓர் ஆறு. எங்கள் சின்னக் கார் முதல் வளைவிலேயே படுத்துவிடும். நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் பை ஃபோர் வண்டிதான் வேண்டும். அதுவும் ஏழு மாதப் பிள்ளையை வைத்துக்கொண்டு போகிற மாதிரி.

வாண்டுக்கு இதெல்லாம் கவலையில்லை. கால் கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு தூங்குகிறான்.

மார்ச் 5, வியாழன்

மச்சான் மறுபடியும் ஒரு விளம்பரம் அனுப்பியிருக்கிறார். இந்த வாரம் இது நாலாவது. இவருக்கு ஏன் இவ்வளவு அக்கறை?

மார்ச் 8, ஞாயிறு

மச்சான் என்றால் இவளுடைய அண்ணன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், மீதிப் பேருக்கு வண்டி வாங்கிக்கொடுத்தவர். கமிஷன் இல்லாமல் செய்கிறார் என்கிறாள் அவர் தங்கச்சி. இருக்கட்டும்.

இன்று அவர் கூட்டிப்போய்க் காட்டியது பழைய ஜீப். மலை ஏறும், ஆறு தாண்டும், எல்லாம் செய்யும். ஆனால் பின்னால் எதிரெதிராக இரண்டு நீளப் பலகை இருக்கை. "முகத்தைப் பார்த்துப் பேசிக்கிட்டே போகலாம் மாப்ளே" என்கிறார். ஏழு மாதப் பிள்ளை யாரோடு பேசப் போகிறது? பிள்ளை இருக்கையை ஒழுங்கான சீட்டில், முதுகு முன்பக்கம் பார்க்க, பெல்ட் போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். பக்கவாட்டுப் பலகையில் எதைக் கட்டுவது? ஒரு பிரேக் அடித்தால் பிள்ளை கழுத்து என்ன ஆகும்?

இந்த முறை இவளும் என் பக்கம். மச்சானுக்கு முகம் சுருங்கிவிட்டது. கமிஷன் இல்லையென்றால் முகம் ஏன் சுருங்க வேண்டும்?

மார்ச் 12, வியாழன்

இன்று எனக்கு நல்ல நாள்.

வண்டி பளபளவென்று இருந்தது. இவளுக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. நான் கண்ணாடிகளைப் பார்த்தேன். கண்ணாடியின் மூலையில் பொடி எழுத்தில் வருடம் போட்டிருக்கும், யாரும் பார்ப்பதில்லை. முன்கண்ணாடிகள் ஒரு வருடம், பின்கண்ணாடிகள் வேறு வருடம். கதவுக்கு அடியில் ரப்பரை உரித்தேன். குறுக்கே கோடு. முன்னால் நொறுங்கிய ஒன்றையும் பின்னால் நொறுங்கிய ஒன்றையும் அறுத்து ஒட்டியிருக்கிறார்கள். பாதி ஒரு வண்டி, பாதி இன்னொரு வண்டி. கேட்டதும் விற்கிறவனுக்கு அவசர வேலை வந்துவிட்டது.

வீடு வந்ததும் இவள் சொன்னாள். "நீங்க மட்டும் இல்லைன்னா ஏமாந்திருப்போம். இனிமே நீங்க சரின்னா சரி, வேண்டாம்னா வேண்டாம். நான் எதுவும் கேக்க மாட்டேன்."

அதைக் கேட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாதவன் ஆண்பிள்ளையே இல்லை. தூக்கிவிட்டுக்கொண்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

இந்த முறை நிஜமாகவே டாக்டர் வண்டி. மாட்டு டாக்டர்.

ஓய்வு பெற்ற அம்மாள். மலையோரம் முழுக்க இந்த வண்டியில்தான் சுற்றியிருக்கிறார். எடுத்த எடுப்பிலேயே குறைகளை அவரே அடுக்க ஆரம்பித்தார். ஏசி போட்டால் முனகும், ஆனால் குளிரும். பின்கதவை ஓங்கி அடித்தால்தான் சாத்தும். எனக்கு உடனே உறைத்தது. சின்னக் குறையைத் தானாகச் சொல்கிறவர்கள் பெரிதாக ஒன்றை மறைப்பார்கள்.

சட்டையைக் கழற்றிவிட்டு வண்டிக்கடியில் படுத்தேன். வண்டியைத் தாங்குகிற அடிச்சட்டமான சேசிஸை முன்னாலிருந்து பின்னால் வரை டார்ச் அடித்துப் பார்த்தேன், விரலால் தடவினேன், சாவியால் தட்டினேன். ஒன்றும் இல்லை. துரு இல்லை, ஒட்டு இல்லை, ஒரு சொட்டு ஆயில் ஒழுக்கு இல்லை. பின்சீட் முன்பக்கம் பார்த்த சீட். பிள்ளை இருக்கையை மாட்ட இரும்புக் கொக்கி இருக்கிறது. உயரமான வண்டிதான், ஆனால் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே ஏற ஒரு படி இருக்கிறது. நாலு சக்கரமும் மண்ணைப் பிடித்து இழுக்கிறது.

இவள் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தாள். முகம் பூரித்துப்போயிருந்தது. பின்சீட்டில் வாண்டு பெல்ட்டைச் சப்பிக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் ஏற்கெனவே மலை ஏறிவிட்ட மாதிரி இருந்தார்கள்.

திரும்பி வரும்போது கேட்டாள். "எப்படி?"

"சேசிஸ்ல வெல்டிங் இருக்கு" என்றேன். "இடது பின்சக்கரத்துக்கு மேல, உள்பக்கம். ஒரு சாண் நீளத்துக்கு. பலமா அடி வாங்கின வண்டி."

அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க மாட்டேன் என்று சொல்லியிருந்தாளே. வீடு வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மார்ச் 16, திங்கள்

வெல்டிங் இல்லை. எழுதி வைக்கிறேன். இங்கேயாவது உண்மை இருக்கட்டும்.

ஏன் சொன்னேன்? வாயிலிருந்து தானாக வந்தது என்று வேறு யாராவது சொன்னால் நம்புவேனா நான்?

போன மழைக்காலத்தில் அந்த மலை ரோட்டிலிருந்து ஒரு வண்டி என்னிடம் வந்தது. ஆறு இழுத்துப்போட்ட வண்டி. இதே மாதிரி வண்டிதான். யார்டில் வைத்து அளந்தேன். கூரை இவ்வளவு, கதவு இவ்வளவு, என்ஜினுக்குள் சேறு. பின்சீட் இடுக்கில் பால் பாட்டில் மூடி ஒன்று கிடந்தது. மஞ்சள் மூடி. அதை எழுத என் ரிப்போர்ட்டில் இடம் இல்லை.

எல்லாவற்றையும் துருவித் துருவி விசாரிக்கிறவன், அந்தப் பிள்ளை என்ன ஆயிற்று என்று மட்டும் விசாரிக்கவில்லை. பயமாக இருந்தது. இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. அதைச் சொல்ல வாய் வராமல் வண்டிமேல் பழியைப் போட்டுவிட்டேன்.

மார்ச் 18, புதன்

பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொன்னாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. பாட்டிலைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "நல்ல வண்டி கிடைக்கலைன்னா பிள்ளைய வச்சுக்கிட்டு என்ன பண்றது."

அவசரப்படாதே, இன்னும் பார்க்கலாம் என்றேன். என்ன நடிப்பு! வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது எனக்கு. இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

மார்ச் 21, சனி

ஆனால் கடிதத்தை இன்னும் கொடுக்கவில்லை. ஏன்?

பால்கனியில் நின்று அண்ணனோடு போன் பேசுகிறாள். நான் போனால், "சரிண்ணா, அப்புறம் பேசறேன்." எதை அப்புறம் பேசப் போகிறாள்? நேற்றுச் சாயங்காலம் பிள்ளையை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு எங்கேயோ போயிருக்கிறாள். கேட்டால் கடைக்கு என்கிறாள். கையில் ஒரு பையும் இல்லை.

மார்ச் 22, ஞாயிறு

பிள்ளை இருக்கையைக் கழற்றிப் பார்த்தேன்.

அடிப்பாகத்தில் செம்மண் அப்பியிருக்கிறது. எங்கள் தெருவில் செம்மண் கிடையாது. தோள் வார் நான் வைத்த அளவில் இல்லை, யாரோ தளர்த்தித் திரும்ப இறுக்கியிருக்கிறார்கள். துணி மடிப்பில் ஏதோ வெள்ளைத் தூள். இவளுடைய இடது உள்ளங்கையில் புதுக் கொப்புளம். நடுவிரலுக்கு அடியில், கியர் பிடிக்கிற இடத்தில்.

விபத்து வண்டியைப் படிக்கிற எனக்கு இதைப் படிக்கத் தெரியாதா? மச்சான் எதையோ தலையில் கட்டிவிட்டார். அந்தப் பலகை ஜீப்பாகத்தான் இருக்கும். அண்ணன் வீட்டில் விட்டதாகச் சொன்னதும் பொய்தான். பிள்ளையை அதில் ஏற்றிக் கல்லிலும் மேட்டிலும் ஓட்டியிருக்கிறார்கள். என் பிள்ளையை! எனக்குத் தெரியாமல்!

இரண்டு நாளில் கையும் களவுமாகப் பிடிக்கிறேன்.

மார்ச் 25, புதன்

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

பிள்ளை இருக்கையைத் தூக்கிக் கூடத்தின் நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவளும் மச்சானும் உள்ளே வந்தார்கள். ஆரம்பித்தேன். மண், வார், தூள், கொப்புளம். கோர்ட்டில் பேசுகிற மாதிரி பேசினேன். எந்த தைரியத்துல பிள்ளைய ஏத்திக்கிட்டுப் போனே என்று கத்தினேன்.

மச்சான் வாசலைப் பார்த்துக்கொண்டு, "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்றார். அவளுக்குக் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"பிள்ளைய ஏத்தல. பிள்ளை எடைக்கு மாவுப் பை வச்சுக் கட்டினேன். எவ்வளவு குலுங்குதுன்னு பாக்க" என்றாள். "அந்த மாட்டு டாக்டர் வண்டியிலதான். எனக்கு அந்த வண்டியை விட மனசு வரல. வெல்டிங்க பலமா திருப்பிப் போட்டா போதுமான்னு கேக்கலாம்னு அண்ணன் ஒர்க் ஷாப்புக்கு எடுத்துட்டுப் போனார். மேல தூக்கி நிறுத்தினாங்க. இடது பின்சக்கரத்துக்கு மேல, உள்பக்கம், ஒரு சாண் நீளம். நானே அண்ணாந்து பாத்தேன். எங்கங்க வெல்டிங்?"

நான் பிள்ளை இருக்கையின் வாரைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தேன்.

"சும்மா பிடிக்கலன்னு சொல்லியிருந்தீங்கன்னா நான் விட்டிருப்பேன். நீங்க இடத்தோட, அளவோட சொன்னீங்க. அதனாலதான் நேரா போய்ப் பாக்க முடிஞ்சது."

பொய் சொல்லத் தெரிந்தவன் மழுப்பலாகச் சொல்லியிருப்பான். நான் பொய்க்கும் ரிப்போர்ட் எழுதியிருக்கிறேன்.

மச்சான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதன்பிறகு மஞ்சள் மூடியைச் சொன்னேன். எப்படிச் சொன்னேனோ தெரியாது. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த விபத்து எனக்குத் தெரியும்" என்றாள். "நிலையத்துப் பதிவுல இருக்கு, படிச்சேன். மேல மழை பெய்யுது, இறங்காதீங்கன்னு சொல்லியும் இறங்கியிருக்காங்க. அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல. இருக்கையில ஒழுங்கா கட்டியிருந்தாங்க. அந்த ஆத்துல எப்ப இறங்கலாம், எப்ப இறங்கக்கூடாதுன்னு சொல்றதுதான் அங்க எனக்கு வேலையே. பயம்னா பயம்னு சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லியிருக்கலாம்.

"நான் போறேன். பிள்ளையும் வரான். நீங்க வர்றீங்களா இல்லையான்னு யோசிச்சு உண்மையைச் சொல்லுங்க."

மார்ச் 26, வியாழன்

வருகிறேன் என்றேன். "ம்" என்றாள்.

மார்ச் 28, சனி

மாட்டு டாக்டர் அம்மாள் வீட்டுக்குப் போய் வண்டியை எங்கள் பேருக்கு மாற்றி எழுதிக்கொண்டோம். மன்னிப்புக் கேட்டேன். பேனாவை மூடிக்கொண்டே அம்மாள் சொன்னார். "எத்தனையோ மாடு பாத்துட்டேன் தம்பி. இல்லாத நோய்க்கு நான் சீட்டு எழுதினதில்ல." அதற்குப் பிறகு எனக்கும் டீ கொடுத்தார்.

மச்சான் கமிஷன் வாங்கவில்லையாம். நம்புகிறேன். முக்கால்வாசி.

மார்ச் 31, செவ்வாய்

மேலே வந்து சேர்ந்துவிட்டோம். குடியிருப்பில் இரண்டு அறை, ஜன்னலுக்கு வெளியே காற்றளக்கும் கம்பம். சாமான் பாதி கட்டவிழ்க்காமல் கிடக்கிறது. வாண்டு புது இடம் என்றுகூடப் பார்க்காமல் தூங்கிவிட்டான்.

அவள்தான் ஓட்டினாள். நான் பின்னால் பிள்ளை பக்கத்தில். நன்றாக ஓட்டினாள், கல் வந்த இடத்தில் மெதுவாக, ஏற்றத்தில் தயங்காமல். வண்டி ஒரு முறைகூட வழுக்கவில்லை. நான் எதிலும் குறை சொல்லவில்லை.

ஆற்றங்கரையில் நிறுத்தினாள். நான் இறங்கிக் கம்பு ஒன்றை ஒடித்துக்கொண்டு தண்ணீருக்குள் போனேன். அக்கரை வரை நடந்து, திரும்பவும் நடந்து வந்தேன். எந்த இடத்திலும் முழங்காலைத் தொடவில்லை. அடியில் கெட்டியான சரளை. பேன்ட் முழங்காலுக்குக் கீழே சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"முழங்காலுக்குக் கீழதான். தாராளமா போகலாம்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பேன்ட்டையும் பார்த்தாள், ஈரம் எங்கே நிற்கிறது என்று. பிறகு என்ஜினை அணைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, என் கையிலிருந்த கம்பை வாங்கிக்கொண்டு தானே ஆற்றுக்குள் இறங்கினாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் நடு ஆற்றில் நின்று, நான் குத்திப் பார்த்த இடங்களிலெல்லாம் மறுபடியும் கம்பைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.