அடுப்பைப் பற்றவைக்கும் கை

ஜூலை 22, 2008. செவ்வாய்

இல்லை, கம்பெனியில் இல்லை. வீட்டில்தான். குளிக்க வெந்நீர் போடப் போய்.

இன்று எத்தனை பேரிடம் இதையே சொன்னேன். பஸ்ஸில், நான் பாடம் எடுக்கிற காலேஜில், விருதுநகர் பஸ் ஸ்டாண்டில். சிவகாசிப் பக்கம் ஒரு பெண்ணுக்குத் தீப்பட்டது என்றால் முதலில் கம்பெனி பெயரைக் கேட்கிறார்கள். அப்புறம் எத்தனை பேர் என்று. ஒரே ஆள், அதுவும் வீட்டில் என்றதும் முகம் தளர்ந்துவிடுகிறது. அப்படியா, சரி.

பொன்னுத்தங்கம் அத்தை. எங்கள் தெருதான். அம்மாவோடு அதே வெடிக் கம்பெனியில், அதே அறையில் மருந்து அடைக்கிறவள். நேற்று சாயங்காலம் கம்பெனி வேனை விட்டு இறங்கி, நேராகப் புறவாசலுக்குப் போய், வெந்நீர் அடுப்பைப் பற்றவைத்திருக்கிறாள். வேலைச் சேலையோடு. சேலை முழுக்க சில்வர்.

சில்வர் என்றால் அலுமினியப் பொடி. யாரும் இங்கே அப்படிச் சொல்வதில்லை.

அந்தச் சேலை எரியவில்லையாம். ஒரே வெளிச்சமாக இருந்ததாம். பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

மதுரை பெரியாஸ்பத்திரியில் இருக்கிறாள்.

ஜூலை 23

பச்சைத் தண்ணீரில் சில்வர் போகாது. பசையோடு சேர்ந்து தோலில் அப்பிக்கொள்ளும். வெந்நீர் வேண்டும். வெந்நீருக்குத் தீ வேண்டும். தீ மூட்ட, சில்வரோடு அதன் முன்னால் குத்தவைக்க வேண்டும்.

அம்மா தினமும் இந்த வட்டத்துக்குள்தான் உட்கார்ந்திருந்தாள். நான் பல்கலைக்கழக விடுதியில் குழாயைத் திருகிக் குளித்துக்கொண்டிருந்தபோதும்.

கம்பெனியிலும் குளிக்கத் தொட்டி உண்டு. குளித்துவிட்டு வந்தால் வேன் போயிருக்கும்.

“சேலையை மாத்திட்டாவது பத்த வையேன்மா.”

“குளிக்காம மாத்துச்சேலையத் தொட்டா அதுலயும் ஒட்டாதா? ரெண்டு சேலைய யாரு துவைக்க? நீ துவைக்கியா?”

“கேஸ்ல வை.”

“கேசும் தீதான படிச்சவளே.”

சிரித்துக்கொண்டே சொன்னாள். சொல்லிக்கொண்டே பற்றவைத்தாள். நான் வாளியில் தண்ணீரோடு பக்கத்தில் நின்றேன். தீ பிடித்துச் சுள்ளி வெடிக்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் —

ஜூலை 27, ஞாயிறு

வாளிக்குள் போடுகிற கம்பி ஹீட்டர்? வேன் வருகிற நேரத்தில் கரண்ட் இருக்காது. தினமும் அதே நேரத்துக்குக் கட். கட் இல்லாத நாளில் வோல்டேஜ் இல்லை. சாதா கெய்சர் போட்டால் எங்கள் வீட்டு வயர் தாங்காது என்று எலக்ட்ரீசியன் தங்கச்சாமி அண்ணன் சொல்லிவிட்டார். சோலார்? ஆஸ்பெஸ்டாஸ் கூரை. தொட்டி உள்ளே வந்து விழும்.

எனக்கு ஒரே ஒரு காரியம்தான் வேண்டும். அம்மா தீப்பக்கம் போகக் கூடாது. இவ்வளவு சின்ன ஆசைக்கு எத்தனை தடைகள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலேஜில் பிசிக்ஸ் பிரபாகரன் சார். ஏதோ பேச்சுவாக்கில் சொன்னேன். சாப்பாட்டு டப்பாவை அப்படியே மூடிவிட்டு, பேப்பரில் படம் போட ஆரம்பித்துவிட்டார்.

ஹீட் பம்ப் என்று ஒன்று இருக்கிறதாம். ஃபிரிட்ஜைத் திருப்பிப் போட்ட மாதிரி. சுற்றியுள்ள காற்றில் இருக்கும் சூட்டை உறிஞ்சித் தண்ணீருக்குக் கொடுக்கும். தீ கிடையாது. பழுக்கிற கம்பி கிடையாது. கெய்சர் கேட்கிற கரண்டில் பாதி கூட வேண்டாம். பகலில் ஓடித் தொட்டியை நிரப்பி வைத்தால் கரண்ட் போனாலும் சூடு நிற்கும்.

“காத்துல சூடு இருக்கணும் மேடம். அதான் ஒரே கண்டிஷன்.”

“எங்க ஊர்க் காத்து சார்.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும். ரொம்ப நாள் கழித்து.

ஆகஸ்ட் 5

பொன்னுத்தங்கம் அத்தை போய்விட்டாள்.

ஆகஸ்ட் 6, புதன்

வீட்டில் நடந்ததற்குக் கம்பெனி என்ன செய்யும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அத்தையின் புருஷன் சங்கிலிமுத்து மாமா எதிர்த்து ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கும் அதே கம்பெனியில்தான் வேலை.

அம்மா வேனிலிருந்து இறங்கி வேலைச் சேலையோடு இழவு வீட்டுக்குப் போனாள். அழுதாள். மாரில் அடித்துக்கொண்டாள். அடிக்கிற இடமெல்லாம் மினுமினுத்தது. இழவு வீட்டிலிருந்து வந்தால் குளிக்க வேண்டும். வந்தாள். அடுப்பைப் பற்றவைத்தாள்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

“அவளுக்கு விதி. எனக்கு ஏன்டி அதைச் சொல்லுத?”

அப்பா அப்போது டீக்கடையில். அப்பா பிரஸ் ஒன்றில் ராத்திரி வாட்ச்மேன். மத்தியானம் எழுந்து குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, டியூட்டிக்குப் போகும்வரை அங்கேதான் இருப்பார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஆடி கடைசி வெள்ளி. அம்மா இருக்கன்குடி கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள், நடந்தே. எனக்குச் சீக்கிரம் வரன் அமைய வேண்டுதல்.

நான் பிரபாகரன் சாரோடு மதுரைக்குப் போய் ஹீட் பம்ப்புக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்தேன். கடையில் காட்சிக்கு வைத்திருந்தது. யாரும் வாங்காமல் தூசி படிந்து கிடந்தது. மீதியும் என் கல்யாணச் சீட்டிலிருந்துதான்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. திருநீறு பூசிவிட்டாள். நெற்றியைக் காட்டினேன்.

ஆகஸ்ட் 17

சொன்னேன்.

“கழுத்துக்குச் சேத்ததைக் கொண்டுபோய் வெந்நிக்குக் கொட்டிட்டு வந்து நிக்கா பாரு!” — தெருவுக்கே கேட்டது. பிறகு என்னிடம் பேசவில்லை. தட்டை மட்டும் நகர்த்தி வைத்தாள்.

அப்பா: “அம்புட்டுப் பெரிய காலேஜுல வேலை பாக்கா. சும்மா செய்வாளா.” பெருமையா, கேலியா? அவரிடம் இரண்டும் ஒரே குரலில்தான் வரும்.

ஆகஸ்ட் 23, சனி

வந்துவிட்டது. வெளியே சுவரில் மாட்டுகிற பெட்டி அச்சு அசலாக ஏசி மாதிரி. மாட்டி முடிப்பதற்குள் தெருவே கூடிவிட்டது.

“நாகையா வீட்ல ஏசி போடுதாக!”

“எந்த ரூமுக்குடி?”

“குளிக்கிற ரூமுக்காம்.”

“ஏ வேலுத்தாயி, உள்ள வேர்க்குதாக்கும் ஒனக்கு?”

அம்மாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. என்மேல் இருந்த கோபத்தின் முதல் விரிசல் அது. இந்த மாதிரிப் பெட்டியை இதற்குமுன் பார்த்திராத தங்கச்சாமி அண்ணன் பாதி வேலையில் என்னிடம், “ஏத்தா, இது எங்கன சுடும்?” என்று கேட்டார். எங்கேயும் சுடாது என்றேன். நம்பாமல் பெட்டியை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

ஆகஸ்ட் 25, திங்கள்

நான் வருவதற்குள் குளித்து முடித்திருந்தாள். தலையில் துண்டு. அடுப்புச் சாம்பல் ஆறிப்போய் நேற்றையதாக இருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றாள். சுவரைப் பார்த்துக்கொண்டு.

நகக்கண்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சாம்பல் நிறம் போய்விட்டிருந்தது.

தூங்கினேன்.

செப்டம்பர் 3, புதன்

இப்போது கூட்டம். முதலில் எதிர் வீட்டு மதினி வந்தாள். அப்புறம் அவள் தங்கச்சி. அப்புறம் வேனில் இறங்குகிற பாதிப் பேர், மாற்றுச் சேலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. புறவாசலில் வரிசை. கேலி, சண்டை, சிரிப்பு.

“ஏசி ரூமுக்கு டிக்கெட் உண்டா மதினி?”

எனக்குச் சந்தோஷம் — என்று எழுதத்தான் ஆசை. தொட்டி நூறு லிட்டர். கட் முடிகிற வரை மறுபடி சுடாது. கணக்குப் பார்க்கிறேன். பார்ப்பதற்கு வெட்கமாகவும் இருக்கிறது. அத்தை செத்த தெருவில் நான் வெந்நீரை அளக்கிறேன்.

“நீ மொதல்ல குளிம்மா,” என்றேன்.

“வீட்டுக்காரி மொதல்ல குளிச்சா நல்லாவா இருக்கும்?”

செப்டம்பர் 8

தீபாவளி ஆர்டர். வேன் விடியுமுன்பே வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. இரண்டு ஆள் வேலையை ஓர் ஆள் செய்கிறாள். சில்வர் கழுத்துவரை.

செப்டம்பர் 12, வெள்ளி

எழுதிவிட வேண்டும்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் பார்த்தேன். எங்கள் கூரைக்கு மேல் புகை. வேறு வீடாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். ஓடும்போதும் அதையே நினைத்துக்கொண்டு ஓடினேன்.

புறவாசல். அடுப்பு. அம்மா. வேலைச் சேலை.

எல்லோரும் குளித்துப் போயிருந்தார்கள். தொட்டியில் பச்சைத் தண்ணீர்தான் மிச்சம். கரண்ட் இல்லை, பெட்டி செத்துக் கிடக்கிறது. அவள்தான் கடைசி. அதனால் பழைய அடுப்பைப் பற்றவைத்துக் குனிந்து ஊதிக்கொண்டிருக்கிறாள். முந்தானை தரையில்.

அண்டாவைச் சாய்த்தேன். தண்ணீர் அடுப்பில் கொட்டிச் சாம்பல் மேலெழும்பி எங்கள் இரண்டு பேர் முகத்திலும். காலில் சுட்டது, இப்போதுதான் எரிகிறது.

“ஏன்டி, கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு? ஒண்ணும் ஆகலைல்லா!”

முந்தானை ஓரத்தில் ஓர் ஓட்டை. புளியங்கொட்டை அளவு. சுற்றிலும் கருகியிருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தோம். அம்மா அதை விரலால் மூடிக்கொண்டாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

நான் டீக்கடைக்குப் போனேன். எங்கள் புகை அங்கிருந்து நன்றாகத் தெரிகிறது. அப்பா பெஞ்சில், வெள்ளைச் சட்டையில். கையில் கிளாஸ்.

“புகை தெரிஞ்சுதாப்பா?”

“ஆமா. ஒங்கம்மா வெந்நி போடுதா.”

“அம்மா மேல தீப் பத்துனா ஓடி வந்திருப்பீகளா? இல்ல, டீயக் குடிச்சுட்டுத்தானா?”

பக்கத்தில் இருந்த அய்யாதுரைப் பெரியப்பா, “ஏத்தா, அப்பன்கிட்டப் பேசுற பேச்சா இது,” என்றார்.

“ஒங்க கையில சில்வர் இல்ல. தினமும் இங்கனதான் இருக்கீக. வேன் வர்றதுக்கு முன்ன ஒரு குச்சி உரசி அடுப்புல வைக்கலாம்லா?”

“பொம்பளையாளுக குளிக்க நான் வெந்நி போடுததா?” — இதைக் கோபமாகக் கூடச் சொல்லவில்லை. நிஜமாகவே புரியாதவர் மாதிரி. “ஊருல சிரிப்பாகத்தா.”

சிரித்தார்கள். யாரோ.

அடிப்பார் என்று நினைத்தேன். கிளாஸை வைத்துவிட்டு எழுந்து டியூட்டிக்குப் போய்விட்டார்.

செப்டம்பர் 13

தேவைப்பட்டது ஒரு சுத்தமான கை. அது எங்கள் வீட்டிலேயே, வெள்ளைச் சட்டைக்குள் இருந்தது. எந்த வீட்டில்தான் இல்லை? ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கிழவர், ஒரு ஷிப்ட் முடிந்தவர், ஒரு சும்மா இருப்பவர். குளிக்கிறவள்தான் தனக்கு வெந்நீர் போட்டுக்கொள்ள வேண்டும் — யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. அதனால் மாற்றவும் முடியவில்லை.

எனக்கும் தோன்றவில்லையே. மதுரைவரை போய்க் காற்றிலிருந்து சூடு எடுக்கிற இயந்திரம் வாங்கினேன். டீக்கடைவரை போகத் தோன்றவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

அம்மாவுக்குச் சீசன் வேலை, ஞாயிறும் லீவு கிடையாது. நானும் அப்பாவும் வீட்டில். பேச்சில்லை.

மத்தியானம் அடுப்புக் கல் மூன்றையும் புறவாசலிலிருந்து பெயர்த்து எடுத்தேன். வாசலுக்கு எதிரே, வேப்பமரத்தடியில், சேலைகள் உரச வராத தூரத்தில் போட்டேன். அண்டாவை ஏற்றித் தண்ணீர் ஊற்றினேன். அப்பா கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வீட்டிலிருந்த தீப்பெட்டிகள் எல்லாவற்றையும் எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டேன். பை புடைத்துக்கொண்டது.

“என்னத்தா இது?”

மரத்தடியில் சுள்ளியை அடுக்கிவிட்டு உள்ளே வந்தேன்.

டீக்கடைக்குக் கிளம்பினார். மரத்தடிவரை போனார். நின்றார். அடுப்பைப் பார்த்தார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார், திருடப் போகிறவர் மாதிரி.

குனிந்தார்.

செப்டம்பர் 16

டீக்கடையில் கேட்டார்களாம், என்ன நாகையா, வெந்நிக்கடை போட்டுட்டயா என்று. “குளிக்க வேணும்னா வரிசையில வந்து நில்லு” என்றாராம். அவர் இதைச் சொல்லவில்லை, எதிர் வீட்டு மதினி சொன்னாள்.

மருந்து அறைக்காரிகளுக்கு ஹீட் பம்ப் தண்ணீர். அம்மாதான் முதல் ஆள், அப்பாவின் கட்டளை. மற்றவர்களுக்கு மரத்தடி அண்டா. அப்பாதான் மொண்டு வாளியில் வைக்கிறார். எவளாவது நெருங்கினால் டியூட்டி விசிலை எடுத்து ஊதுகிறார். “அங்கனயே நில்லுத்தா! அங்கனயே!” ஊதுகிற வேகத்தைப் பார்த்துப் பெண்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

அம்மா சிரிக்கவில்லை. தெருவில் இதெல்லாம் என்ன கூத்து என்கிறாள். ஆனால் முதல் ஆளாகப் போய்க் குளிக்கிறாள்.

“என்னத்தா இது?”வுக்குப் பிறகு அப்பா என்னிடம் பேசவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

அப்பாவுக்கு நல்ல காய்ச்சல். காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை. நான் கிளம்பும்போது போர்வைக்குள் இருந்து, “இன்னைக்கு யாரு?” என்றார். அடுப்பு இடம் மாறிய நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

நான் பார்த்துக்கிடுதேன் என்றேன்.

துறைத் தலைவரிடம் மத்தியானத்துக்கு மேல் விடுப்புக் கேட்டேன். வீட்ல என்னம்மா அவசரம் என்றார். வெந்நீர் போடணும் மேடம் என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். போகச் சொன்னார்.

வேனுக்கு முந்திய பஸ் கிடைத்தது. காலேஜ் சேலையை மாற்றாமல் அப்படியே மரத்தடிக்குப் போனேன். அண்டாவை நிரப்பினேன். குச்சியை உரசினேன்.