எட்டடிப் பாதை பற்றிய வரலாற்றுக் கருத்து

சின்ன காஞ்சிபுரம்
4-7-2025

அன்புத் தோழி சுகாசினிக்கு,

நலம்தானே? ஒரே ஊரில் பிறந்து, எம்.ஏ. வரலாறும் ஒன்றாகப் படித்த நாம் இப்போது கூரியரில் பேசிக்கொள்கிறோம். இத்துடன் என் நூலின் அச்சுப்படி. அமெரிக்கா மேற்கே மேற்கே விரிந்து பூர்வகுடிகளின் நிலத்தை விழுங்கியதும், கறுப்பின மக்கள் சம உரிமைக்குப் போராடியதும்தான் பொருள். எழுதும்போது இரண்டு இடங்களில் அழுதுவிட்டேன்.

உங்கள் காலனியிலிருந்து படித்து ஆசிரியையான ஒருவர் அணிந்துரை எழுதினால் நூலுக்கு ஒரு நேர்மை வரும் என்கிறார் பதிப்பாளர். இரண்டு பக்கம் போதும்.

தோழமையுடன்,
முனைவர் கோ. சரத்குமார்

காலனி
11-7-2025

அன்புள்ள சரத்குமார் அவர்களுக்கு,

படித்தேன். நீங்கள் அழுத இடங்கள் தெரிந்தன. அங்கே எழுத்துப்பிழை அதிகம். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைக் காட்டி முடித்துவிடுவீர்கள் என்பதால் நானும் கூரியர்.

எங்கள் சுடுகாட்டுக்குப் போகும் எட்டடிப் பாதை உங்கள் வயலை ஒட்டிப் போகிறது. ஒவ்வொரு நடவுக்கும் வரப்பைச் சீராக்குவதாகச் சொல்லி உங்கள் அப்பா பாதையில் ஒரு சாணை வயலோடு சேர்த்துக்கொள்வார். இப்போது மிச்சம் மூன்றடி. போன மாதம் பெரியப்பாவைத் தூக்கிப்போனவர்களில் இரண்டு பேர் உங்கள் நாற்றங்காலில் இறங்கித்தான் நடந்தார்கள். மறுநாள் உங்கள் அப்பா காலனி முனைக்கே வந்துவிட்டார்.

"இன்னாமா, நாத்த மிதிச்சிக்கினு போறீங்க? பொணம் போவ மூணடி பத்தாதா? லாரியா ஓட்டப் போறீங்க?"

என் அத்தை கங்கையம்மாள் விடவில்லை. "எங்கண்ணன் ஒல்லிதாங்க. தூக்கினு போறவங்களுக்குத் தோளு இருக்குதே!"

30ஆம் தேதி சர்வேயர் வருகிறார். வரைபடத்தில் அந்தப் பாதை இல்லை. நடந்தவர்கள் சாட்சி சொன்னால்தான் உண்டு. நீங்கள் அதில் சைக்கிள் பழகியவர். வந்து எட்டடி இருந்தது என்று சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள். அணிந்துரை மறுநாளே வரும்.

அன்புடன்,
சுகாசினி

சின்ன காஞ்சிபுரம்
20-7-2025

அன்புத் தோழிக்கு,

உங்கள் கடிதம் மனதைப் பிசைந்தது. 30ஆம் தேதி மதுரையில் சமத்துவம் பற்றிய கருத்தரங்கு. தலைமை நான்தான், தவிர்க்க முடியாது. அப்பா பழைய காலத்து மனிதர், அவர் மனம் நோகாமல் மெல்லப் பேசுகிறேன். இப்போதைக்கு மூன்றடியைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். வரலாற்றில் மாற்றம் மெதுவாகத்தான் வரும்.

அணிந்துரை மட்டும் 31க்குள் வேண்டும். அச்சகத்தில் அவசரப்படுத்துகிறார்கள்.

என்றும் உங்கள் போராட்டத்தில்,
சரத்குமார்

காலனி
5-8-2025

சரத்குமார் அவர்களுக்கு,

கருத்தரங்கு சிறப்பாக நடந்திருக்கும். நீங்கள் வராவிட்டாலும் சர்வேயருக்கு நீங்கள் எழுதிய கடிதம் வந்திருந்தது. உங்கள் கல்லூரி முத்திரையோடு இருந்த அதை உங்கள் அப்பா அவரிடம் நீட்டினார்: "எழுத்துபூர்வமான ஆதாரம் இல்லாததால், அங்கே பொதுப்பாதை இருந்ததாக வரலாற்று ரீதியில் கூற இயலாது."

சர்வேயர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டார். "புரொபசரே எழுதிக் குட்த்துட்டாரேமா, நான் இன்னா செய்யறது?"

நேற்று திங்கட்கிழமை, குறைதீர் நாள். கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். உங்கள் கடிதத்தின் நகலை இணைத்தோம். கூடவே உங்கள் நூலின் 112ஆம் பக்கம்: "நடந்து தேய்ந்த தடமே பூர்வகுடிகளின் பத்திரம். காகிதம் எங்கே என்று கேட்டவன்தான் நிலத்தைத் தின்றவன்." அச்சுப்படியின் முதல் பக்கத்தில் 'தோழமையுடன்' என்று கையெழுத்திட்டிருந்தீர்கள், அது மிகவும் உதவியது.

அதிகாரி இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தார். "ரெண்டும் ஒரே ஆளாம்மா?"

"ஆமாங்க சார்," என்றாள் அத்தை. "காலேஜுக்கு ஒண்ணு, கயினிக்கு ஒண்ணு எழுதுவாரு."

14ஆம் தேதி மறு அளவை என்று உத்தரவாகிவிட்டது. உங்கள் சாட்சி வந்து சேர்ந்துவிட்டதால் நீங்கள் வர வேண்டாம்.

அணிந்துரை நான் எழுதுவதற்கில்லை. உங்கள் அப்பாவிடம் கேளுங்கள். புத்தகம் படித்துப் பழக்கமில்லாதவர்தான். ஆனால் நீங்கள் முந்நூறு பக்கத்தில் எழுதியதை ஒரு மண்வெட்டியால் செய்துகாட்டியவர்.

சுகாசினி