வார்டு வாசலில் கிடந்த மாத்திரை அட்டை

அன்புள்ள அம்மாவுக்கு,

வார்டு வாசல் குப்பைக்கூடையில் காலியான காய்ச்சல் மாத்திரை அட்டை ஒன்று கிடந்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன். எனக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. உன் முட்டிவலி எப்படி? உன் பழைய சேலை ஒன்று அனுப்பு, உன் வாசனை போகாதபடி துவைக்காமல் அனுப்பு.

நான் பெருக்கும் வார்டில் சிறுநீரகம் மாற்றிய அக்கா ஒருவர் இருக்கிறார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுவதால், சாதாரண ஃப்ளூவே அவர் உயிருக்கு ஆபத்தாம். அதனால் வருகிறவர்களுக்கு வாசலிலேயே காய்ச்சல் பார்ப்பார்கள். அந்த அட்டை யாருடையது என்று விசாரித்தேன். அவருக்குச் சிறுநீரகம் கொடுத்த தம்பிதான், மூன்று நாளாக மாத்திரை போட்டுக் காய்ச்சலை மறைத்து உள்ளே போயிருக்கிறார்.

"கிட்னியே குடுத்தவன் நான், என்னையே வெளிய நிறுத்துவாங்களா? நீ கண்டுக்காத பாப்பா" என்று சிரித்தார்.

உள்ளே அக்கா இருமுவது கேட்டது. இந்த ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்க்கும் புது ஃப்ளூ மருந்தும், நோய் தொற்றியதும் சீக்கிரம் கொடுத்தால்தான் பலன் தருமாம்.

எப்போதும் தலைகுனிந்தே பேசும் நான் நர்சம்மாவிடம் ஓடிப்போய், முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்து, எல்லாவற்றையும் சொன்னேன்.