மாலை போட்ட போட்டோ

மாசி 9, வெள்ளி
காலையிலேயே வெயில். வாழைப்பூ, கறிவேப்பிலை, இவருக்கு உப்பில்லாத பிஸ்கட்.

சாயங்காலம் வைதேகி போனில் ஒரு படம் காட்டினாள். அவள் ஆர்ட் டிபார்ட்மெண்டில் வேலை செய்கிற சினிமா. பாலைவனத்தில் யுத்தம், நடுவில் காதல். ராஜஸ்தான் மணலில் கிடந்து கறுத்துப்போய் வந்திருக்கிறாள். கதாநாயகன் வீட்டுச் சுவரில், முந்தைய போரில் செத்த அப்பாவின் போட்டோ. சந்தன மாலை, கீழே விளக்கு. உற்றுப் பார்த்தால் இவர். காலேஜ் என்.சி.சி. உடுப்பில்.

"அப்பாகிட்ட கேட்டுண்டுதான் எடுத்தேன்மா."

கேட்டாளாம். கொடுத்தாராம். புதன்கிழமை இவருக்கு இருதயத்தில் ஸ்டென்ட். இந்த நேரத்திலா மாலை?

மாசி 10, சனி
தூக்கமில்லை. காபி கொடுத்தால், "செத்தவனுக்கு எதுக்குடி காபி" என்கிறார். மேல் வீட்டு மாமாவிடமும் பெருமை. "நானும் நடிக்கறேன் ஓய், வசனம்தான் இல்லை."

வைதேகியிடம், மாலையை மட்டுமாவது கம்ப்யூட்டரில் அழிக்கச் சொல் என்றேன்.

"மாலை இல்லேன்னா அவர் உயிரோட இருக்கார்னு ஆயிடும். கதையே போச்சு."

போகட்டுமே.

மாசி 11, ஞாயிறு
டைரக்டருக்கு நானே போன் செய்தேன். சின்ன வயசு.

"அங்கிள் முகம் செம கம்பீரம் ஆன்ட்டி. விடுங்களேன்."

புதன்கிழமை விஷயத்தைச் சொன்னேன். "எங்கம்மாவா இருந்தாலும் இதான் கேப்பாங்க. மாத்திடறேன்."

வேறு முகம் ஒட்டுவார்களாம். அது யாரோ, அவராவது உயிரோடு இல்லையே என்று கேட்டுக்கொண்டேன். டைரக்டரோட தாத்தாவாம், காலமாகிப் பல வருஷமாகிறதாம்.

வைதேகி கதவைச் சாத்திக்கொண்டாள். "என்னைக் கேக்காம எப்படிம்மா பேசுவே? இனிமே யூனிட்ல என் மூஞ்சியை எங்க வெச்சுப்பேன்?" வாழைப்பூ உசிலி அப்படியே மிச்சம். இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

மாசி 14, புதன்
ஆஸ்பத்திரி. ஏசி குளிர், சால்வை மறந்தாயிற்று. இவர் உள்ளே. சஹஸ்ரநாமம் தொடங்குவதும் பாதியில் தடுமாறுவதுமாக. வைதேகி பேசவில்லை, ஆனால் கையை விடவில்லை.

டாக்டர் வந்து, நல்லபடியா முடிஞ்சுது என்றார்.

வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். தூக்கக் கலக்கம். முதல் கேள்வியே, "படத்துல இருக்கேனோல்லியோ?"

வைதேகி என்னைப் பார்த்தாள்.

"இருக்கேள்."

"மாலையோடயா?"

"மாலையோட."

என் வாயாலேயே. சிரித்தபடி தூங்கிப்போனார்.

வெளியே வந்ததும் வைதேகி, "ரிலீஸ் அன்னிக்கு நீயே சொல்லிக்கோ" என்றாள். ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் என்னிடம் பேசிய முதல் பேச்சு.