செடி கொளுத்தும் நாள்

அன்புள்ள சிட்ஸ்கே,

நீ நன்றாகத் தூங்குவதால் எழுப்பவில்லை. நம் உருளைக்கிழங்குச் செடிகளில் கருகல் நோய் பரவிவிட்டது. இயற்கை விவசாயியான நான் மருந்து அடிக்கக் கூடாது. அடுத்த வயலுக்குத் தொற்றாமல் இருக்கச் செடிகளைக் கொளுத்தத்தான் வேண்டும். செடிகளைத் தீயால் கருக்கும் எரிவாயு வண்டியை இரவல் வாங்கப் போகிறேன்.

வாரம் தவறாமல் மருந்தடிக்கும் பக்கத்து வயல் யோரித், பச்சைப்பசேலென்ற தன் செடிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, "என்னய்யா, உன் மண்புழுவெல்லாம் சௌக்கியமா?" என்று கேட்டான். சௌக்கியம் என்றேன். இந்தப் பண்ணையில் அவை மட்டும்தான் சௌக்கியம்.

ரொட்டியும் பாலாடைக்கட்டியும் மேசையில் இருக்கின்றன. இரவுக்குக் கடையில் கிழங்கு வாங்கி வா. நம்முடையது இன்னும் கோலிக்குண்டு அளவுதான். யாருக்கு என்று கடைக்காரி கேட்டால் விருந்தாளிக்கு என்று சொல்.

மதிய ரயிலுக்கு நீ கட்டிவைத்த பெட்டியைப் பார்த்தேன். நேற்று நீ, "அப்பா, எங்க ஆய்வுக்கூடத்துல மரபணு மாத்தின கிழங்குக்கு இந்த நோயே வராது" என்றாய். "இந்த வீட்டுல இடமில்ல" என்று கத்தினேன். கிழங்கைத்தான் சொன்னேன், மகளே. உன்னை இல்லை.

அப்பா

பி.கு. உன் கிழங்கு எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. இருந்தாலும் இரவு சாப்பிடும்போது மறுபடி விளக்கு. வாய் நிறைய உணவு இருக்கும், குறுக்கே பேசமாட்டேன்.