அழாத குரல்

ஜனவரி 14

மலையிலிருந்து வடகிழக்குக் காற்று. ஜன்னல்கள் அதிர்ந்துகொண்டே இருந்தன. தீவிலிருந்து படகு இல்லை. பிள்ளைகளில் பாதிப் பேர் வரவில்லை. ஸ்ரிங்கா வந்தாள். ஏழாம் வகுப்பு. என் பள்ளி நூலகத்தில் அவள் தொடாத கதைப் புத்தகம் குறைவு. தானும் எழுதுவாள், முதலில் என்னிடம்தான் காட்டுவாள். இன்று புத்தகத்தைப் பாதியிலேயே திருப்பித் தந்தாள்.

"போரடிச்சுதா?"

"இல்ல டீச்சர். எழுத்து காணாமப் போகுது."

கண்ணாடி மாற்றச் சொல்லி அனுப்பினேன்.

ஜனவரி 30

கண்ணாடி இல்லை பிரச்சினை. ரியேகா நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து அவள் அம்மா யாத்ரங்கா நேரே நூலகத்துக்கு வந்தாள். மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையின் உடுப்பையே மாற்றாமல் போயிருக்கிறாள். பரம்பரை நோயாம். பார்வையின் நடுப்பகுதி போய்க்கொண்டே இருக்குமாம், ஓரங்கள் மட்டும் மிஞ்சுமாம். மருந்து கிடையாது.

"எங்க பாக்கணும்னு நினைக்கிறாளோ அந்த இடம் மட்டும் தெரியாதாம், நெவென்கா. இது என்ன நியாயம், நீயே சொல்லு."

காப்பி போட்டேன். இரண்டு பேரும் குடிக்கவில்லை.

பிப்ரவரி 11

பெரிய எழுத்துப் புத்தகங்கள், பூதக்கண்ணாடி, மேசை விளக்கு — எல்லாம் வரவழைத்தாயிற்று. ஸ்ரிங்கா தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் ஒவ்வொரு சொல்லாகப் பிடித்தாள். பக்கம் முடிவதற்குள் தலைவலி.

"மொத வரி மறந்துபோச்சு டீச்சர்."

பிப்ரவரி 12

தூக்கமில்லை.

பிப்ரவரி 20

இனி நானே வாசிப்பது என்று முடிவு செய்தேன். மதிய இடைவேளை. கதையில், கடலில் விழுந்த நாயைத் தேடும் இடம் வந்தது. நிமிர்ந்தேன். என்னைப் பார்ப்பதற்காக அவள் பக்கத்து அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான், என் குரல் உடைந்துவிட்டது.

மார்ச் 4

காதில் இயர்போனோடு வந்தாள். போனே படித்துச் சொல்கிறதாம்.

"அந்தத் தகரக் குரலா? சிரிக்கிற வரி எது, அழுற வரி எதுன்னு அதுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதான் பிடிச்சிருக்கு. நீங்க படிச்சா அழுறீங்க டீச்சர். நான் கதையைக் கேக்கறதா, உங்களைச் சமாதானப்படுத்தறதா?"

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

மார்ச் 5

கதவில் நான் ஒட்டியிருந்த 'போன் கூடாது' தாளைக் கிழித்துப் போட்டேன். மனம் மாறி அல்ல. ஆத்திரத்தில்.

மார்ச் 18

இத்தனை வருஷமாகப் பிள்ளைகளிடம் நான் சொன்னது என்ன? எழுத்தைக் கண் பார்க்கும்போது மனசு தானே ஒரு குரலை உண்டாக்கிக்கொள்கிறது, கற்பனை அங்கேதான் தொடங்குகிறது என்று. காதில் ஆயத்தக் குரலை ஊற்றினால் மனசுக்கு என்ன வேலை? ஆசிரியர் அறையில் இதைச் சொன்னேன். தலைமையாசிரியர் பிரானிமிர், "கேக்கறதும் படிக்கறதுதான் நெவென்கா, விடுங்க" என்றார்.

"அப்போ நான் எதுக்கு இங்க?" கத்திவிட்டேன். எல்லார் முன்னாலும்.

என் கோபம் போன் மேல் இல்லை. அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். பாதி எழுதியிருந்த தீவுக் கதை என்ன ஆயிற்று என்று இன்று கேட்டேன். "எழுதினதை நானே படிக்க முடியாது. அப்புறம் என்னத்துக்கு?" என்றாள். பதிமூணு வயசுப் பிள்ளை பேசற பேச்சா இது? கடவுளே, எனக்கு அம்பத்தெட்டு ஆச்சு, படிக்க வேண்டியதெல்லாம் படிச்சாச்சு — என் கண்ணை எடுத்துக்கக் கூடாதா?

ஏப்ரல் 8

வந்தாள். மூலையில் உட்கார்ந்தாள். இயர்போனை மாட்டிக்கொண்டாள்.

ஏப்ரல் 29

அவள் காதிலிருந்து ஒரு ரீங்காரம். வண்டு மாதிரி.

"என்ன அது?"

"புத்தகம்தான். வேகமா வெச்சிருக்கேன். நீங்க ஒரு பக்கம் முடிக்கறதுக்குள்ள நான் மூணு முடிச்சிடுவேன்."

பீற்றிக்கொண்டாள். எத்தனை மாதமாயிற்று அவள் இப்படிப் பேசி!

மே 22

கண் இன்னும் மோசம். டாக்டர் நீட்டிய கைவிரலை எண்ணவே முடியவில்லையாம். செப்டம்பரில் தலைநகர் ஸாக்ரெப்பில் உள்ள பார்வையற்றோர் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். யாத்ரங்கா போனில் சொல்லிவிட்டு அழுதாள், நானும்.

மதியம் ஸ்ரிங்கா மூலையில் இருந்தாள். ரீங்காரத்தைக் கேட்டாள், நிறுத்தினாள், போனிடம் ஏதோ முணுமுணுத்தாள், பின்னால் ஓட்டித் திரும்பக் கேட்டாள். முகத்தைச் சுளித்தாள். மறுபடி முணுமுணுப்பு. பிறகு தனக்குத்தானே சிரித்தாள்.

"யார் எழுதினதும்மா அது?"

"நான்தான். சொல்லச் சொல்ல போனே எழுதிக்குது. 'கடல்'னு சொன்னா 'கடன்'னு போடுது, முட்டாள். ஆனா ஒரு இடத்துல அதுவே நல்லா இருந்துச்சு. வெச்சுக்கிட்டேன்."

கொஞ்சம் கேட்கலாமா என்றேன். யோசித்துவிட்டு ஒரு இயர்போனைக் கழற்றித் தந்தாள். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

"புரியுதா?"

"இல்லையே."

வேகத்தைக் குறைத்தாள். இல்லை. இன்னும் குறைத்தாள்.

"டீச்சர், இதுக்கு மேல குறைச்சா எனக்குத் தூக்கம் வந்துடும்."

குறைத்தாள்.