நாலும் வந்துடுச்சு

அன்புள்ள அத்தானுக்கு,

எல்லாம் நான் சொன்னபடியே நடந்திருக்கிறது. நேற்று கிண்டி ரேஸில் உங்கள் மகள் கயலின் குதிரை முதலாவதாக வந்துவிட்டது. இது நடக்கும் என்று இன்றைக்கு நேற்றுச் சொன்னவன் இல்லை நான். சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் முதுகில் ஏறி, இரண்டு காதையும் பிடித்து இழுத்து இடது பக்கம் திருப்பினாளே, அன்றைக்கே அக்காவிடம் சொன்னேன்: "எழுதி வச்சுக்க, இது அத்தான் தொழிலத்தான் பாக்கும்." அதற்கு அக்கா, "காது வலிச்சா மருந்து போடு, ஜோசியம் சொல்லாதே" என்றாள். இப்போது கேட்டால் அப்படியொரு பேச்சே நடக்கவில்லை என்கிறாள். அவளுக்கு ஞாபகசக்தி எப்போதுமே கொஞ்சம் மட்டு.

காலையில் மாட்டுக் கொட்டகையைக் கூட்டப் போனேன். கயலின் குதிரை இங்கிருந்து கிளம்பிப் போய் ஒரு வாரம் ஆகிறது, வாசனை போகவில்லை. கடல் தண்ணீரில் நனைந்த குதிரைக்கென்று ஒரு வாசனை உண்டே, உப்பும் வியர்வையும் ஊறின கொள்ளும் கலந்து, அதேதான். என் பசுமாடுகள் இரண்டும் அவமானப்பட்ட சம்பந்திகள் மாதிரி இன்னும் சுவரைப் பார்த்து நிற்கின்றன. துடைப்பத்தைச் சாத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இந்தக் கொட்டகையில் முதன்முதலில் குதிரையைக் கொண்டுவந்து கட்டியவர் நீங்கள் அல்லவா.

சுரக்குடியில் ஏர் ஓட்டும் வீட்டில் பிறந்து, கிண்டியில் குதிரை தேய்க்கும் வேலைக்குப் போய், மேலே மேலே ஏறி டிரெய்னர் ஆனவர் நீங்கள். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் வேலை பார்த்த என் அப்பா, "குதிரைக்காரனுக்கா என் பொண்ணு?" என்று துண்டை உதறியபோது, அவரை உட்காரவைத்துப் பேசி இந்தக் கல்யாணத்தை முடித்துவைத்தவன் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது என்று அக்கா சொல்லுவாள். விவேகத்துக்கும் வயதுக்கும் என்ன சம்பந்தம்? எட்டாம் வகுப்பை எல்லோரும் ஒரு தடவைதான் படித்தார்கள். நான் இரண்டு தடவை ஆழ்ந்து படித்தவன்.

ஊரில் உங்கள் தொழிலைச் சொன்னால், "ஓ, பந்தயம் கட்டுறவரா?" என்பார்கள். பந்தயம் கட்டுகிறவன் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவான், எங்கள் அத்தான் விடியுமுன் எழுந்து குதிரைக் காலைத் தடவுவார் என்று நான் விளக்குவேன். தொடையிலிருந்து குளம்பு வரை உள்ளங்கையை இறக்கிக்கொண்டே போவீர்கள், எங்காவது சூடு இருக்கிறதா என்று. "எனக்கு டைபாயிடு வந்தப்பக்கூட மனுசன் நெத்தியத் தொட்டுப் பாக்கல" என்று அக்கா சொல்லாத தீபாவளி இல்லை.

அந்த வெள்ளைக்கால் குதிரை வந்த வருடத்தை நினைக்கிறேன். லைசென்ஸ் கிடைத்த புதிது உங்களுக்கு. லாயத்தில் இருந்தது மூன்றே குதிரை, மூன்றும் ஒரே மில் முதலாளியுடையவை. அதில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெட்டைக்கு இடது முன்னங்கால் நரம்பு வீங்கிவிட்டது. "அடுத்த சீசன்ல இது ஓடலன்னா மூணையும் வேற லாயத்துக்கு மாத்திடுவேன்" என்று முதலாளி சொல்லிவிட்டார். குதிரையே இல்லாத டிரெய்னர் எதற்கு? லைசென்சைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு மறுபடியும் அடுத்தவன் லாயத்தில் சாணி அள்ளவேண்டியதுதான். நீங்கள் யோசித்துவிட்டு லாரி பிடித்துக் காரைக்காலுக்கே கொண்டுவந்துவிட்டீர்கள். உப்புத் தண்ணீரில் நிற்க நிற்கக் கால் தேறும் என்றீர்கள்.

அந்தப் பெட்டைக்குக் கிண்டியில் ஏதோ வாயில் நுழையாத இங்கிலீஷ் பேர். லாரியிலிருந்து இறங்கும்போதே பார்த்தேன். உடம்பெல்லாம் செம்பழுப்பு, அந்த இடது முன்னங்கால் மட்டும் சுண்ணாம்புக் காரை பூசினதுபோல் வெள்ளை. "அத்தான், இது காரைக்கால்!" என்று கத்தினேன். எங்கள் ஊர்ப் பெயருக்கு எந்த வாத்தியாரும் சொல்லாத பொருள் அது. நீங்கள் சிரித்த சிரிப்பில் லாரி டிரைவர் பீடியைக் கீழே போட்டுவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் அவள் பெயர் காரைக்கால்.

அரசலாறு கடலில் சேருகிற இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போனோம். ஊரே திரண்டு வந்தது, பட்டினச்சேரியிலிருந்து மூன்று பஸ் விட்டார்கள் என்றுகூடச் சொல்லலாம். காரைக்கால் மணல் வரை வந்தாள், நுரையைக் கண்டதும் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டாள். தள்ளினாலும் நகரவில்லை, கொஞ்சினாலும் நகரவில்லை. கருக்களாச்சேரியிலிருந்து கூடையோடு வந்த மீன்காரம்மா நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, "என்னங்க, மாப்புள்ள ஊர்வலமா? பொண்ணு எந்தக் கடலுக்குள்ள இருக்கு?" என்று கேட்டது. கூட்டம் சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் உங்கள் முகத்தில் பயத்தைப் பார்த்தேன்.

நமக்கு எதிர்வீட்டு பாய் அப்போது குவைத்திலிருந்து லீவில் வந்திருந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, "தம்பி, இதுங்களோட பாட்டன் முப்பாட்டன் எல்லாம் அரபு நாட்டுலேர்ந்து போனவங்கதானே? பேரீச்சம்பழத்தக் காட்டிப் பாருங்க, வூட்டு ஞாபகம் வரும்" என்றார். நான் வாங்கினேன். முகத்தைக் குதிரைப் பக்கம் வைத்துக்கொண்டு, பின்பக்கமாகவே கடலுக்குள் நடந்தேன்.

"மாப்ள, கொட்டைய எடுத்துட்டுக் குடு. உள்ளங்கைய விரிச்சு வையி, வெரலையும் சேத்துக் கடிச்சுடப் போவுது" என்று கத்தினீர்கள்.

ஒரு பழத்துக்கு ஓர் அடி வந்தாள். தண்ணீர் அவள் முழங்காலைத் தொட்டபோது, பின்னால் பனைமர உயரத்துக்கு ஓர் அலை வந்து என்னைக் கவிழ்த்தது. வேட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எழுந்து பார்க்கிறேன், அவள் அசையாமல் நின்று மிச்சப் பழத்தைத் தண்ணீரில் தேடிக்கொண்டிருக்கிறாள். பாய், "மாஷா அல்லாஹ், குதிரை நிக்கிது, ஆளத்தான் காணோம்" என்றார். அப்புறம் தினமும் காலையும் மாலையும் அவளே எங்களை இழுத்துக்கொண்டு போனாள். பழம் பாயுடையது, தைரியம் என்னுடையது.

அடுத்தது அந்த ரேஸ். ஊருக்கு நான் சொல்லுகிற கதை உங்களுக்குத் தெரியும். ஜாக்கியைப் பார்த்து, "அடிச்சு ஓட்டு, கப்போட வா" என்று நீங்கள் கர்ஜித்தீர்கள், காரைக்கால் ஒரு மூக்கு நீளத்தில் முதலாவதாக வந்தாள். டீக்கடையில் இதைச் சொல்லி முடித்தால் ஒரு டீ நிச்சயம். ஆனால் உங்களுக்கு எழுதுவதில் ஒரு தொல்லை அத்தான், பக்கத்திலேயே நின்றவர் நீங்கள். கையைக் கட்டிப்போட்டுக்கொண்டு எழுதவேண்டியிருக்கிறது.

நீங்கள் கர்ஜிக்கவில்லை. ஜாக்கியின் காலைச் சேணத்தின் மேல் தூக்கிவிட்டு, "ஓடுற மட்டும் நல்லா ஓடட்டும். நட மாறுனா மட்டும் அடிக்காத, ரேஸ வுட்ரு. நமக்கு நாளைக்கும் குதிர வேணும்" என்றீர்கள். கடைசித் திருப்பத்தில் அவள்தான் முன்னால். நான் கம்பி வேலி மேல் ஏறி, "அடிடா! அடிடா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். நீங்கள் அவள் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். திடீரென்று அந்த வெள்ளைக்கால் ஒரு தடவை தடுமாறியது. ஜாக்கி சாட்டையைத் தாழ்த்திவிட்டான். ஒவ்வொன்றாக மூன்று குதிரை தாண்டிப் போயின. வேலி மேலிருந்தே நான் அழுதேன். வியர்வை என்று உங்களிடம் சொன்னேன்.

அவள் திரும்பி வந்ததும் புல்லில் மண்டியிட்டு, அந்தக் காலில் மேலிருந்து கீழே கையை இறக்கினீர்கள். ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை. சூடு இல்லை. என்னைப் பார்த்து, "நாலும் வந்துடுச்சு மாப்ள" என்றீர்கள். அவள் வந்த இடத்தைச் சொல்கிறீர்களா, காலைச் சொல்கிறீர்களா என்று எனக்கு அப்போது புரியவில்லை.

மில் முதலாளிக்குப் புரிந்தது. அவரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். "மூணும் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் மற்ற லாயங்களில் கைவிட்ட நொண்டிக் குதிரைகளெல்லாம் உங்களிடம் வந்தன. அவற்றில் ஜெயித்தவையும் உண்டு. நாலாவதாக வந்து தொழிலில் நிலைத்த ஒரே டிரெய்னர் இந்தியாவிலேயே நீங்களாகத்தான் இருக்கும். உலகத்தில் என்று எழுதினேன், அடித்துவிட்டேன்.

இப்போது உங்கள் லாயம் கயல் கையில். நீங்கள் கண்ணை மூடிய பிறகு பாதி முதலாளிகள் குதிரையை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள், பொம்பளைப் பிள்ளை என்ன செய்யும் என்று. போன மாதம் அவளும் ஒரு கால் வீங்கிய குதிரையோடு லாரியில் வந்து இறங்கினாள். அதே கொட்டகை, அதே முகத்துவாரம். பாய்க்கு இப்போது நடக்க முடியாது, பேரனிடம் பழம் கொடுத்தனுப்பினார். கிளம்புகிற அன்று என் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"மாமா, இது நல்லா ஓடலன்னா மிச்சக் குதிரையும் போயிடும். காரைக்கால் ஃபர்ஸ்ட் வந்த அன்னைக்கு அப்பா ஜாக்கிகிட்ட சொன்னத அப்படியே சொல்லுங்க. நானும் அதையே சொல்லப் போறேன்."

வாயைத் திறந்தேன். கப், கர்ஜனை, மூக்கு எல்லாம் நாக்கு நுனியில் தயாராக நின்றன. கொட்டகையில் அந்தக் குதிரை கட்டுப் போட்ட காலை மாற்றி ஊன்றியது. என்னால் முடியவில்லை அத்தான். நீங்கள் சொன்னதை, சொன்னபடியே சொன்னேன். அவள் நாலாவதாக வந்ததையும் சொன்னேன்.

கயல் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டாள். அப்புறம், "இத்தன வருசமா என்ன ஏமாத்தினீங்களா மாமா?" என்றாள்.

"மூணு எடம்தாம்மா கூட்டிச் சொன்னேன்."

சிரித்துவிட்டாள். உங்கள் சிரிப்பு அது, லாரி டிரைவர் பீடியைக் கீழே போட்ட சிரிப்பு. எழுந்து போய்க் குதிரையின் காலில் உள்ளங்கையை இறக்கினாள்.

நேற்று சாயங்காலம் போன் செய்தாள். பின்னால் ஒரே இரைச்சல். "மாமா, நாலும் வந்துடுச்சு!" என்று கத்தினாள். குதிரையின் முதலாளி பக்கத்தில்தான் இருக்கிறாராம், அடுத்த வாரம் இன்னொரு குதிரை அனுப்புகிறேன் என்கிறாராம். "எத்தனாவதும்மா?" என்று கேட்டேன். "அத நீங்களே சொல்லிக்குங்க மாமா, உங்களுக்குத்தான் நல்லா வரும்" என்று வைத்துவிட்டாள்.

டீக்கடையில் முதலாவது என்று சொல்லிவிட்டேன். நீங்கள் நேற்று அங்கே இல்லை என்ற தைரியத்தில் உங்களுக்கும் அப்படியே எழுதி ஆரம்பித்துவிட்டேன். ஆனால் வேலி ஓரமாக எங்காவது நின்று காலைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் இருந்திருப்பீர்கள், உங்களை நம்ப முடியாது. அதனால் உங்களிடம் மட்டும் சொல்லிவிடுகிறேன். அது எத்தனையாவது வந்தது என்று எனக்குத் தெரியாது அத்தான்.